கோட்டை அடிவாரத்தில் ஒரு ஜோடி செருப்பு

பிரான்சுக்குப் போய் வந்தேன் என்று தெரிந்ததும் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "டவர் பாத்தீங்களா டீச்சர்?" என்பதுதான். பார்க்கவில்லை. அந்த நாட்டில் நான் அதிகம் பார்த்தது, எனக்கு முன்னால் சைக்கிளில் மேடு ஏறிக்கொண்டிருந்த எழுபத்திரண்டு வயது அம்மாள் ஒருவரின் முதுகைத்தான். அதைப் போட்டோ எடுக்கவில்லை. எடுக்க மூச்சு இருந்தால்தானே.

அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் ஒதில் அக்கா. பதினான்கு வருஷமாகக் குளிர்காலம் வந்தால் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிடுவார். மலையைச் சுற்றுவார், எங்களோடு ரசம் சாப்பிடுவார், தெருக் குழாயில் வரிசையில் நிற்பார். தமிழ் கற்றுக்கொண்டதும் அந்தக் குழாயடியில்தான். அதனால் அவருக்கு வணக்கம் சொல்வதைவிடச் சண்டை போடுவது சரளமாக வரும்.

இரண்டு தைக்கு முன்னால் கிரிவலப் பாதையில் கால் இடறி விழுந்தார். இடுப்பெலும்பில் விரிசல். மகன் மத்யூ விமானம் ஏறி வந்து அம்மாவைப் பார்சல் மாதிரி பத்திரமாகக் கட்டி எடுத்துப் போனான். போன குளிர்காலம் அனுப்பவே இல்லை. மாடி அறை பூட்டியே கிடந்தது. என் வீட்டுக்காரர் அதில் நிலக்கடலை மூட்டை போட்டு வைக்கலாம் என்றார். நான் போட்ட சத்தத்தில் அந்தப் பேச்சை அதோடு விட்டார்.

மத்யூ ரொம்ப நல்ல பையன். நல்ல பையன்கள்தான் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துக் கம்பளி போர்த்தப் பார்ப்பார்கள். ஒதில் அக்கா உட்காரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரு பந்தயத்துக்கு வந்தார்கள். கணவர் இருந்த காலத்தில் வருஷா வருஷம் சைக்கிளில் போன பாதை ஒன்று உண்டு, நான்கு நாள் தூரம், முடிவில் மலை மேல் ஒரு பழைய கோட்டை. அதே பாதையில் மோட்டார் இல்லாத சைக்கிளில் போக வேண்டும். கடைசி மலையில் மட்டும் கால் தரையில் படக் கூடாது, யாரும் தொட்டுத் தாங்கக் கூடாது. கோட்டை வாசலைத் தொட்டுவிட்டால் கார்த்திகைக்குத் திருவண்ணாமலை. இல்லையென்றால் மாடி அறைச் சாவியை எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்தியா என்ற பேச்சையே விட்டுவிட வேண்டும்.

துணைக்கு ஒரு ஆள் கட்டாயம் என்று மத்யூ சொல்ல, அக்கா என் பெயரைச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு நான் சைக்கிளில்தான் போனேன் என்று எப்போதோ பெருமை அடித்திருந்தேன். அதற்குப் பிறகு ஸ்கூட்டி வந்தது, இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், தொப்பை வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். மே மாத விடுமுறையில் கிளம்பினேன். வழியனுப்ப வந்த வீட்டுக்காரர், "போய்ட்டு வா அமுதா. கேஸ் எப்படி புக் பண்றதுனு மட்டும் சொல்லிட்டுப் போ," என்றார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். அப்படி ஒரு பிரிவாற்றாமை.

முதல் நாள் காலையில் எனக்கு ஒரு சிவப்புச் சைக்கிளைக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் சைக்கிளுக்குப் பெடல், பெல், கேரியர். இதில் கேரியரும் இருந்தது, கூடவே ஒரு டஜனுக்கு மேல் கியரும் இருந்தது. சீட் என்று ஒன்று இருந்தது, கத்தரிக்காய் காம்பு அளவுக்கு. தலைக்கு ஹெல்மெட், காலுக்கு ஷூ என்றார்கள். ஹெல்மெட்டுக்குச் சம்மதித்தேன். ஷூ வேண்டாம், என் பட்டைச் செருப்பு போதும் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தப் பிடிவாதம் பின்னால் ஊரையே கூட்டும் என்று அப்போது எனக்கு என்ன தெரியும்.

ஒதில் அக்காவின் சைக்கிள் ஹேண்டில்பாரில் எங்கள் மாடி அறைச் சாவி, கோயில் சிவப்புக் கயிற்றில் கட்டித் தொங்கியது. மேடு வரும்போதெல்லாம் அது கிணிகிணி என்று ஆடும். மேடு எப்போதும் வந்துகொண்டே இருந்தது. "அக்கா, இன்னும் எவ்ளோ ஏறணும்?" என்று கேட்டால், "கம்மி, கம்மி. ஜாஸ்தி இல்ல," என்பார். எங்கள் தெருவில் எத்தனையோ நல்ல வார்த்தைகள் இருக்க, இந்த அம்மா இந்த இரண்டைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவருடைய கம்மி என்பது எங்கள் ஊரிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரை நீளும்.

காடு அழகு. பொய் சொல்லக் கூடாது. ஓக் மரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்க, கீழே பாசி மூடிய கல் சுவர்கள். ஆனால் ஆள் அரவம் கிடையாது. காடு என்றால் குறைந்தது ஒரு குரங்காவது வந்து பையைப் பிடுங்க வேண்டாமா? ஒரு டீக்கடை வேண்டாமா? ஒலிபெருக்கி இல்லை, ஹாரன் இல்லை. என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

மதியம் ஒரு ஊரை அடைந்தோம். கல் வீடுகள், ஜன்னல் தோறும் பூந்தொட்டி, தெருவில் ஒரு பூனை. எல்லாக் கடையும் மூடியிருந்தது. யாரோ பெரிய மனிதர் செத்துவிட்டார் போல என்று நினைத்தேன். "இல்ல. சாப்பாடு நேரம்," என்றார் அக்கா. சாப்பாட்டு நேரத்தில் கடையை மூடிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்களாம். பசித்து வந்தவன் எங்கே போவது என்று கேட்டேன். அதை யாரும் இதுவரை யோசித்ததில்லை போலிருந்தது. பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தார். முழங்கை நீளம். தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. என் புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்து அதில் தடவிச் சாப்பிட்டேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் பாதி பாட்டிலை அவரே காலி செய்தார்.

இரவு தங்கிய விடுதியில் சாப்பாடு வாத்து. அடுத்த நாளும் வாத்து. வறுத்த வாத்து, அதன் கொழுப்பிலேயே வேகவைத்த வாத்து, வாத்தின் ஈரல். அந்த வட்டாரத்தில் வாத்தாகப் பிறப்பது போல ஒரு பாவம் கிடையாது. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். அக்கா மொழிபெயர்த்தார்: "இந்த அம்மா ஊரில் மலையெல்லாம் இருக்குமா, பாவம், ரொம்பச் சிரமப்படுகிறாரே." மலையா? எங்கள் ஊருக்கு மலையைத் தவிர வேறு என்ன ஐயா இருக்கிறது?

இரண்டாம் நாள் கோட்டைகள் ஆரம்பித்தன. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, முறைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு காலத்தில் ஒன்றில் இங்கிலீஷ்காரன், இன்னொன்றில் பிரெஞ்சுக்காரன், நூறு வருஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டார்களாம். அக்கா பெருமையாகச் சொன்னார். இதே இரண்டு பேர்தான் பிறகு கப்பல் ஏறி வந்து எங்கள் செஞ்சிக் கோட்டைக்கும் ஆற்காட்டுக்கும் அடித்துக்கொண்டார்கள் என்று நான் சொன்னேன். சொந்த ஊரில் இவ்வளவு கோட்டை இருக்கும்போது அடுத்தவன் கோட்டைக்கு எதற்கு வர வேண்டும்? அக்கா வானத்தைப் பார்த்துவிட்டு, "இங்க மழை ஜாஸ்தி," என்றார். சரித்திரப் புத்தகத்தில் இதுவரை நான் படிக்காத காரணம்.

அன்றைக்குத்தான் என் கோளாறு முதலில் வெளியே வந்தது. திருவண்ணாமலைக்காரர்கள் மலையை ஏறுவதில்லை, சுற்றுவோம். மலைதான் சாமி, அதன் தலை மேல் கால் வைப்பதா? மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும், நாம் சாலையின் இடது ஓரமாகப் போக வேண்டும், மலையை ஒட்டிய ஓரம் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும். பிறந்ததிலிருந்து இந்தப் பழக்கம். எனவே ஒரு வளைவில் கோட்டை மலை கண்ணில் பட்டதும், என் சைக்கிள் என்னைக் கேட்காமலே இடது ஓரத்துக்குப் போய்விட்டது. பிரான்சில் வண்டி வலது பக்கம் ஓடும் என்பதைத் தேவர்களும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. எதிரே டிராக்டர் வந்தது. நான் புதருக்குள் போனேன். டிராக்டர்காரர் இறங்கி, கையை ஆட்டி நீளமாகப் பேசினார்.

"என்னக்கா சொல்றாரு?"

"நல்ல நாளா இருக்கட்டும்னு," என்றார் ஒதில் அக்கா. டிராக்டர்காரர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மழை. எங்கள் ஊர் மழை மாதிரி அடித்துவிட்டுப் போகிற மழை இல்லை. கடன்காரன் மாதிரி வாசலிலேயே நின்றது. என் சைக்கிளில் செயின் கழன்றது. மாட்டினேன். மறுபடி கழன்றது. கையெல்லாம் கிரீஸ், அதைத் துப்பட்டாவில் துடைத்தேன், துப்பட்டாவும் போயிற்று. எனக்காக ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் அக்கா நின்று நின்று வந்தார். அவருக்குத் துணையாக நான் வந்திருக்கிறேன் என்று மத்யூ நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான்.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் அக்கா ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தார். முகம் வெளுத்திருந்தது. இடுப்பைத் தொட்டால் பல்லைக் கடிக்கிறார். மூன்று நாளாக என்னைக் கேலி பேசிக்கொண்டே வந்தவர் இதை மூச்சு விடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. பையிலிருந்த தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டேன்.

"முடியலனா விட்டுருங்கக்கா. சாவி யாருக்கு வேணும்? நாங்க வந்து உங்களப் பாத்துட்டுப் போறோம்," என்றேன். ஏதோ பக்கத்துத் தெரு மாதிரி.

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "இங்க எல்லாரும் நல்லவங்க அமுதா. பாக்கறவங்க எல்லாம் கேக்கறாங்க, இடுப்பு எப்படி இருக்கு, மாத்திரை சாப்டியா. வேற எதுவும் கேக்கல. உங்க தெருவுல என்னைத் திட்றாங்க. வரிசையில வா, குடத்தை எடு, ஏன் பல்லைக் காட்டற. நான் அங்க ஆளு. இங்க இடுப்பு."

தைல மூடியைத் திருகி மூடினேன். இந்த அம்மா அந்த வாசலைத் தொடாவிட்டால் நான் செத்துப்போவேன் என்று தோன்றியது. அடுத்த நாள் அந்தக் கோட்டை ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துவிட்டார்கள், அது வேறு கதை.

நான்காம் நாள் வெயில் அடித்தது. மதியத்துக்கு மேல் அந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். ஒரு பக்கம் ஆறு, நடுவில் தனியாக மலை, தலையில் கோட்டை. சாலை ஆற்றங்கரையில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மலை மேல் வளைந்து ஏறியது, மற்றொன்று அடிவாரத்தை ஒட்டிச் சுற்றிப் போனது. மேலே கோட்டை வாசலில் மத்யூ காத்திருந்தான். கையை ஆட்டினான், பொட்டு மாதிரி தெரிந்தான்.

"நீ பின்னால வா, மெதுவா," என்றார் அக்கா. சாவியை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். ஏற ஆரம்பித்தார்.

நான் அந்த மேட்டைப் பார்த்தேன். எந்தக் காலத்திலும் என்னால் முடியாது. சரி, தொடவும் கூடாது, தள்ளவும் கூடாது, பின்னால் போய் நான் என்னத்தைக் கிழிக்கப் போகிறேன்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு மலை, அதைச் சுற்ற ஒரு பாதை, மனசில் ஒரு வேண்டுதல். மலை எந்த நாட்டு மலையாக இருந்தால் என்ன, மேலே இருப்பது கோட்டையாக இருந்தால் என்ன. நம் சாமிக்கு அது தெரியாதா?

சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்தேன். ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டினேன். துப்பட்டாவை மடித்து சீட்டில் வைத்தேன். கைப்பை, போன் எல்லாம் கேரியர் கூடையிலேயே. வெறும் காலோடு சுற்ற வேண்டும் என்பதால் செருப்பைக் கழற்றி ஆற்றைப் பார்த்த மாதிரி ஜோடியாக வைத்தேன். கிரீஸ் படிந்த காலோடு வலம் வருவதா என்று சேற்றில் இறங்கி ஆற்றில் கால் கழுவினேன். ஏறும்போது பக்கத்திலிருந்த கல் படியில் ஏறினேன். பிறகு கும்பிட்டுவிட்டு நடந்தேன், இடது ஓரமாக. அந்த ஊரில் நடந்து போகிறவர்களுக்கு இடது ஓரம்தான் சரியாம். நான்கு நாளில் முதல் தடவையாகச் சாலையின் சரியான பக்கத்தில் இருந்தேன்.

நம் மலையில் கால்வாசிகூட இருக்காது. லிங்கங்கள் இல்லை, சுண்டல் இல்லை. ஒரு வீட்டில் நாய் குரைத்தது. வளைவு வளைவாக மனசுக்குள் ஒரே வேண்டுதல்: அந்தக் கால் தரையில் பட்டுவிடக் கூடாது. பாதி தூரத்தில் சைரன் சத்தம் கேட்டது. யாருக்கோ என்னமோ, பாவம் என்று அவர்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

சுற்றி முடிக்கும் இடத்தில் பார்த்தால் ஒரே கூட்டம். சிவப்பு வண்டி ஒன்று, தலையில் பளபளப்பான தொப்பியோடு தீயணைப்புக்காரர்கள், ஆற்றில் ரப்பர் படகு. கூட்டம் என்றால் எட்டிப் பார்க்காமல் போக நான் என்ன வெளிநாட்டுக்காரியா? குதிகாலை உயர்த்தி நானும் ஆற்றைப் பார்த்தேன். பக்கத்தில் நாயோடு நின்ற அம்மாளிடம் ஆங்கிலத்தில் என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒரு பெண் ஆற்றில் இறங்கிவிட்டாள். நான்தான் முதலில் பார்த்தேன். சேற்றில் காலடித் தடம் தண்ணீருக்குள் போகிறது, திரும்பி வரவில்லை," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஐயோ, யார் பெற்ற பிள்ளையோ என்று எனக்கும் கண் கலங்கியது. அப்போதுதான் ஒரு தீயணைப்புக்காரர் கையில் ஏந்தியிருந்ததைப் பார்த்தேன்.

என் செருப்பு.

எங்கள் ஊரில் ஒரு இடத்தில் பத்தாயிரம் ஜோடி செருப்பு கிடக்கும். யாராவது அதைப் பார்த்து, ஆட்கள் ஆற்றில் விழுந்துவிட்டார்கள் என்று நினைப்பார்களா? இங்கே ஒரே ஜோடி. அதற்குப் படகு.

"அது என் செருப்பு," என்றேன், பதற்றத்தில் தமிழிலேயே. ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் கூட்டத்துக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குப் புரிந்தது. ஒதில் அக்கா. முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தார், ஷூவோடு ஆற்றில் இறங்கியிருக்கிறார். எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அறிவு இருக்கா உனக்கு? இருக்கா? எருமை, எங்க போன நீ?"

சுத்தமான குழாயடித் தமிழ். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இங்கே இருக்கிறார் என்றால் மேலே இல்லை. முக்கால் மலை ஏறியிருந்தாராம். நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். கீழே என் சைக்கிளைச் சுற்றி ஆட்கள், ஆற்றைக் காட்டுகிற கைகள். வண்டியைத் திருப்பிவிட்டார். அந்தச் சரிவில் பிரேக்கே பிடிக்காமல் இறங்கினார் என்று, பின்னாலேயே காரில் வந்த மத்யூ வெளிறிய முகத்தோடு சொன்னான். அவர் வாசலைத் தொட வேண்டும் என்று நான் சுற்றிய சுற்று, அவரை மலையிலிருந்து இறக்கிவிட்டது. என் பக்தியை என்ன சொல்ல.

"ஏன் சுற்றினீர்கள்?" என்று மத்யூ என்னைக் கேட்டான். ஆங்கிலத்தில் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அழுகை வந்தது. உன் அம்மா ஏற வேண்டும் என்பதற்காகத்தான், வேறு எனக்கு என்ன செய்யத் தெரியும் என்றேன். அவன் என் வெறுங்காலைப் பார்த்தான்.

ஒதில் அக்கா சைக்கிளை நிமிர்த்தினார். "மறுபடியும் ஏறுகிறேன்," என்றார் பிரெஞ்சில். அவர்கள் பேசியதை நாய்க்கார அம்மாள் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இன்றைக்கு வேண்டாம் அம்மா. நனைந்திருக்கிறாய்."

"இன்றைக்கு ஏறாவிட்டால் நாளைக்கு நீ வேறு காரணம் சொல்வாய்."

பந்தய விவரம் அதற்குள் கூட்டத்துக்குப் பரவிவிட்டது. ஒரு தீயணைப்புக்காரர் இன்னொருவரிடம், "இந்த அம்மாவுக்குப் பைத்தியமா?" என்று கேட்டார். "இரண்டு பேருக்கும்," என்றார் அவர். ஆனால் ஒருவரும் கலையவில்லை.

அக்கா ஏறினார். நான் பக்கத்தில் நடந்தேன், வெறும் காலோடு. நடக்கிற வேகம்தான் அவருக்கும் இருந்தது. சாவி கிணிகிணி என்றது. அந்தப் பக்கம் மத்யூ நடந்தான். பின்னால் என் செருப்பை ஏந்தியபடி அந்தத் தீயணைப்புக்காரர், நாயோடு அந்த அம்மாள், இன்னும் ஏழெட்டுப் பேர். அம்மன் ஊர்வலத்துக்கு மேளம் மட்டும்தான் குறைச்சல். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. முதல் தடவை அவர் திரும்பிய இடத்தைத் தாண்டியதும் மூச்சு விசிலடித்தது. "கம்மிதான்க்கா, ஜாஸ்தி இல்ல," என்றேன். அவர் பதிலுக்குத் திட்டக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

வாசலுக்கு முன்னால் கடைசித் துண்டு கருங்கல் பாவிய பாதை. நிழலில் முந்தின நாள் மழை ஈரம் இன்னும் காயவில்லை. முன் சக்கரம் வழுக்கியது. சைக்கிள் நின்றே போய் என் பக்கம் சாய்ந்தது. அவர் கால் பெடலை விட்டு நழுவுவதைப் பார்த்தேன். யோசிக்க எங்கே நேரம்? என் கை சீட்டைப் பிடிக்க நீண்டுவிட்டது.

"தொடாதீர்கள்!"

கத்தியது மத்யூ. தொட்டால் பந்தயம் அவனுக்கு. அம்மா தோற்க வேண்டும் என்று மேலே காத்து நின்ற பிள்ளை அவன். இரண்டு கையையும் முஷ்டியாக முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவனும் தொட்டுவிடக் கூடாது என்று. கண்ணில் தண்ணீர் வடிந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

பெடலை அந்தக் கால் எப்படித் தேடிப் பிடித்ததோ. ஒரு மிதி. சக்கரம் நேரானது. இன்னொரு மிதி. முன் சக்கரம் கோட்டைக் கதவில் போய் டக்கென்று முட்டியது. அதற்குப் பிறகுதான் அந்தக் கால் தரையில் பட்டது.

தீயணைப்புக்காரர்கள் கைதட்டினார்கள். செருப்பு வைத்திருந்தவர் அதையே தட்டினார். மத்யூ அம்மாவை அப்படியே தூக்கிக் கல் மேல் உட்கார வைத்தான், இடுப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. கோட்டையை நான் அரைகுறையாகத்தான் பார்த்தேன். உள்ளே பெரிய கணப்பு, துருப்பிடித்த கவசம், கலர் போன ஒரு திரைச்சீலை. செஞ்சிக் கோட்டை இதைவிட நன்றாக இருக்கும்.

கீழே இறங்கி வந்து என் போனை எடுத்துப் பார்த்தால் வீட்டுக்காரரிடமிருந்து ஏழு அழைப்பு. பதறிப்போய்ப் பேசினேன். "ஒருத்தன் போன எடுத்து ரொம்ப துக்கமா என்னமோ சொன்னான். ராங் நம்பர்னு வெச்சிட்டேன்," என்றார். "அது கெடக்கட்டும். சிலிண்டர் வந்துருச்சு, ரெகுலேட்டர எந்தப் பக்கம் திருப்பறது?"

கார்த்திகைக்கு ஒதில் அக்கா வந்தார். கூடவே மத்யூவும் வந்தான், எங்கள் மாடிப்படியைப் பரிசோதிக்க. கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்தான். இட்லியைத் தட்டிப் பார்த்தான், சத்தம் வராததில் அவனுக்கு ஏமாற்றம். தீபத்தன்று மதியம் மூன்று பேரும் வலம் கிளம்பினோம். வெறும் காலோடு வா என்றேன். கேட்கவில்லை. பிடிவாதம் அந்த வீட்டுச் சொத்து. வழியில் ஒரு சின்னக் கோயிலுக்குள் போகத்தான் ஷூவைக் கழற்றினான், அதுவும் ஜோடியாக, அழகாக, ஓரமாக. வெளியே வந்து பார்த்தால் காணோம்.

யாராவது வருவார்கள் என்று அவன் காலியான இடத்தின் பக்கத்திலேயே நின்றான். ஒரு சைரன்கூட வரவில்லை. கடைசியில் கூட்டத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஒரு காவலரிடம் போய் முறையிட்டான். நான் மொழிபெயர்த்தேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"செருப்புதானேம்மா போச்சு? ஆளு இருக்காரில்ல? நடக்கச் சொல்லுங்க, பின்னாடி கூட்டம் வருது."

மத்யூ சுடுகிற தாரில் ஒரு காலை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். இன்னும் எவ்வளவு தூரம் என்று அம்மாவைக் கேட்டான். ஒதில் அக்கா இடது ஓரமாக நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் தமிழில் சொன்னார்.

"கம்மி. ஜாஸ்தி இல்ல."